வேல்ஸில் ரோமம் கத்தரிக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்துவிட்டது என்று படித்ததும் உன் அம்மா நிம்மதியாகச் சாப்பிட்டாள். ஆனால் "ரக்பி போச்சு, இனி ஆடுதான் மிச்சம்" என்று எழுதியிருந்தாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை.

நானும் அப்படி வந்தவன்தானே? குளிர்காலத்தில் சனிக்கிழமை ரக்பி, கோடையில் கத்தரிப்புக் கொட்டகை. நியூசிலாந்தில் நம் கிங் கண்ட்ரி பக்கத்தில் அதை யாரும் இரண்டு வாழ்க்கையாக நினைப்பதில்லை. நம் டே குயிட்டி ஊரில் ஆடு கத்தரிப்பவனுக்கு ஆளைவிடப் பல மடங்கு உயரத்தில் ஒரு சிலை. கொலின் மீட்ஸுக்கும் 2017-ல் சிலை வைத்தார்கள். நம் நாட்டு ரக்பி அணி ஆல் பிளாக்ஸுக்காக 55 டெஸ்ட் ஆடிய மனிதர், வாழ்நாள் முழுக்க விவசாயி.

நான் ஆட்டத்தை விட்ட பிறகுதான் போட்டிக் கத்தரிப்பில் இறங்கினேன். மாவட்ட விவசாயக் கண்காட்சியில் ஓபன் என்கிற உச்சப் பிரிவை ஜெயித்தபோது, "கை வேகம் பாருப்பா" என்றார்கள். கையா? எல்லாம் கால். ஆட்டைப் பிட்டத்தில் உட்காரவைத்து, முட்டிக்கு நடுவே வசதியாகச் சாய்த்துவிட்டால் அது உதைக்காது. வயிற்றில் தொடங்கி, பின்னங்கால், வால், கழுத்து, அப்புறம் முதுகோடு அந்த நீண்ட இழுப்புகள், கடைசிப் பக்கம் என்று போகும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் உன் பாதம் ஒரு அடி நகர வேண்டும். பாதம் சரியாக நகர்ந்தால் ஆடு தானாகத் திரும்பும். ரக்பி ஸ்க்ரமில் எதிரணியோடு தோள் முட்டி, முதுகை இறக்கிக் காலால் தள்ளியவனுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இடது கை சும்மா இருக்கக் கூடாது. தோலை இழுத்துப் பிடி, கத்தரிப்பு மெஷினின் சீப்பு முழுக்க ரோமம் நிறையட்டும். ஐவன், காட்ஃப்ரி போவன் சகோதரர்கள் ஊர் ஊராகக் கற்பித்தது இதைத்தான். காட்ஃப்ரி 1953-ல் ஒன்பது மணி நேரத்தில் 456 ஆடுகள் கத்தரித்தார். 1961-ல் மாஸ்டர்டனில் முதல் கோல்டன் ஷியர்ஸ் கத்தரிப்புப் போட்டி நடந்தபோது ஜெயித்தவர் ஐவன். நம்மூர் டேவிட் ஃபேகன் அதே ஓபன் பட்டத்தை 16 முறை வாங்கினார்; 2016-ல் சர் பட்டமும் வந்தது. அவர் கத்தரிப்பதைப் பார்த்தால் அவசரமே தெரியாது. எனக்கு அதுதான் பொறாமை.

ஜூலையில் பில்த் வெல்ஸில் ராயல் வெல்ஷ் விவசாயக் கண்காட்சியில் பெயர் கொடுக்கப்போகிறாய் என்றாய். சரி, கொடு. ஆனால் ஓபனுக்கு ஒரு படி கீழே, சீனியர் பிரிவில் கொடு. பக்கத்து மேடைக்காரன் ஓபன் என்றான் என்பதற்காக ஓடாதே. இருபது விநாடிக்கு ஒரு புள்ளிதான் ஏறும். குறைந்த புள்ளிக்குத்தான் பரிசு. ஒரே இடத்தில் இரண்டு தரம் ஓட்டி ரோமத்தைத் துண்டாக்கினால் மேடை நடுவர் போடும் புள்ளியும், தோல் கிழிந்தால் பட்டி நடுவர் போடும் புள்ளியும் நீ மிச்சம் பிடித்த விநாடிகளை விழுங்கிவிடும். முதல் இரண்டு ஆட்டில் பக்கத்து ஆள் முந்தினால் முந்தட்டும்.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். 1982-ல் இங்கே ஏழு கோடி ஆடுகள் இருந்தன. இப்போது மூன்று கோடிகூட இல்லை. ரோமம் விற்ற காசு கத்தரிப்புக் கூலிக்கே கட்டாத வருடங்களும் வந்துவிட்டன. ஆனாலும் ரோமம் வளராமல் நிற்காதே, யாராவது கத்தரித்துத்தான் ஆக வேண்டும். நல்ல கைக்கு இங்கே கோடையும் அங்கே மே, ஜூனும் வேலை இருக்கும். வீடு வாங்கலாம், பணக்காரன் ஆவாய் என்று நான் சொல்லமாட்டேன்.

என் பழைய சீப்புகளில் நாலைத் தீட்டி பார்சலில் வைத்திருக்கிறேன். இடுப்பைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையும் அதில் இருக்கிறது. இளவட்டம் எதற்கு இதெல்லாம் என்று மூலையில் போடாதே, முதல் நாளிலிருந்தே மாட்டு. வந்ததும் ஒரு வரி எழுது. போட்டித் தேதி தெரிந்தால் அதையும் எழுது, அம்மா காலண்டரில் குறிக்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா