சம்பந்தி வீட்டு மேஜைக்குக் கொஞ்சம் புளிப்பு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுபடியும் பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இவருக்கும் படித்துக் காட்டினேன். ஹாஸ்டலிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தலைப்புச் செய்தி முதல் வரி விளம்பரம் வரைக்கும் படித்து நமக்குச் சொல்வார்கள். அவர்களுக்குப் பார்வை திரும்பியதில் எனக்கு அவ்வளவு நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை விடாமல் போடு.

இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் வேலை மாறி பாஸ்டனுக்கே வந்துவிட்டாள். இவர் டிசம்பரோடு ரிட்டயர் ஆகிறார். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று இருவரும் தினமும் பேசுகிறோம், இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நவம்பர் நாலாவது வியாழக்கிழமை, இங்கே அமெரிக்காவில், கொலம்பஸில் மருமகளின் பெற்றோர் வீட்டில் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றித் திருநாள் விருந்து. வெறும் கையோடு போக மனமில்லை, ஆனால் அவர்கள் சாப்பாட்டோடு சேருகிற மாதிரி என்ன செய்வது என்று தெரியவில்லை, பாயசம் எடுத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். பாயசம் வேண்டாம். அன்றைக்கு அங்கே இனிப்புக்குக் குறைவே இருக்காது. கிரான்பெரி என்று புளிப்பான சின்னச் சிவப்புப் பழம் உண்டு, அதில் சாஸ் செய்து எடுத்துக்கொண்டு போ.

அந்த மேஜையில் என்னவெல்லாம் இருக்கும் என்று சொன்னால் காரணம் உனக்கே புரியும். நடுவில் வான்கோழி. அதன் சாறில் செய்த கிரேவி. வெண்ணெயும் பாலும் ஊற்றி மசித்த உருளைக்கிழங்கு. ரொட்டித் துண்டுகளை மசாலா இலைகளோடு பிசைந்து சுட்ட ஸ்டஃபிங். சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பீன்ஸ், பூசணிக்காயை மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ (pie) என்ற இனிப்பு. எல்லாம் மெத்தென்று, கொழுப்போடு, பழுப்பு நிறத்தில் இருக்கும். அத்தனைக்கும் நடுவில் நாக்கைச் சுண்டி எழுப்புவது இந்தச் சிவப்பு சாஸ் ஒன்றுதான். சித்திரை முதல் நாள் இலையில் மாங்காய்ப் பச்சடி செய்கிற வேலையை அந்த மேஜையில் இது செய்கிறது. அதனால்தான் உன் கைக்கு இது ஒத்துவரும் என்கிறேன். புளிப்பையும் இனிப்பையும் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று, நீ சைவம். கிரேவியை விட்டுவிடு. ஸ்டஃபிங்கில் பெரும்பாலும் கோழிச்சாறு ஊற்றியிருப்பார்கள், மருமகளிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள். சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் வெள்ளையாக மார்ஷ்மெல்லோ மிட்டாய் உருகியிருந்தால் அதில் ஜெலட்டின் உண்டு, அது விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. அந்தப் பூசணிக்காய் இனிப்பில் முட்டை இருக்கும். நீ செய்த சாஸில் பழம், சர்க்கரை, தண்ணீர் மூன்றுதான். அது கெட்டியாக உறைவதற்கு ஜெலட்டின் தேவையே இல்லை, பழத்திலேயே உறையவைக்கும் பெக்டின் என்ற பொருள் நிறைய இருக்கிறது. ரொட்டியும் உருளைக்கிழங்கும் இந்த சாஸும் இருந்தால் நீ வயிறாரச் சாப்பிட்டுவிடலாம்.

செய்முறை எளிது. நவம்பரில் எந்தக் கடையிலும் காய்கறிப் பக்கத்தில் கிரான்பெரிப் பை குவிந்திருக்கும். ஒரு பை 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம். பத்துப் பேருக்குத் தாராளம். கழுவும்போது கையால் தடவிப் பார். அமுங்குவதையும் சுருங்கியதையும் எடுத்துப் போட்டுவிடு. வெளுத்த பழங்கள் கிடந்தால் பரவாயில்லை, சிவப்போடு சேர்ந்து வெந்தால் தெரியாது.

எவர்சில்வர் பாத்திரமாக எடுத்துக்கொள். அலுமினியமும் இரும்பும் இந்தப் புளிப்புக்கு ஆகாது. அடி கனமாக, கொஞ்சம் ஆழமாக இருக்கட்டும், தெறிக்கும். ஒரு கப் தண்ணீர், ஒரு கப் சர்க்கரை, இதுதான் எல்லோரும் சொல்கிற அளவு. கப் என்றால் அங்கே 240 மில்லி, சர்க்கரை 200 கிராம் வரும். நான் முக்கால் கப் சர்க்கரைதான் போடுகிறேன், 150 கிராம். ஒரு கப் போட்டால் பழத்தின் குணமே அமுங்கிப்போகிறது என்பது என் எண்ணம். ஆனால் அரை கப்புக்குக் கீழே போகாதே. சர்க்கரை குறைந்தால் பெக்டின் சரியாகப் பிடிக்காமல் சாஸ் தண்ணீராகவே நின்றுவிடும்.

சர்க்கரை கரைந்து தண்ணீர் கொதித்ததும் பழத்தைப் போடு. ஒரு சிட்டிகை உப்பும் போடு. மறுபடி கொதி வந்ததும் அடுப்பைக் குறை. இரண்டு மூன்று நிமிடத்தில் பட் பட்டென்று வெடிக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு பழத்துக்குள்ளும் நாலு காற்றறைகள் உண்டு. சூட்டில் உள்ளே அழுத்தம் கூடித் தோல் பிளக்கிறது. அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அடுப்பை விட்டு நகரவே மாட்டேன். மேலே கட்டும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடு. மொத்தம் பத்து நிமிடம் போதும். முக்கால்வாசி வெடித்து, மீதி முழுசாக நிற்கும்போதே அடுப்பை அணைத்துவிடு.

அந்த நேரத்தில் பார்த்தால் நீர்க்கத்தான் இருக்கும். இன்னும் சுண்ட வேண்டும் என்று தோன்றும். கேட்காதே. அதிக நேரம் கொதித்தால் பெக்டின் சிதைந்துவிடும், கசப்பும் ஏறும். ஆறி, நாலைந்து மணி நேரம் ஃபிரிஜ்ஜில் இருந்தால் தானாக இறுகும். சந்தேகமாக இருந்தால் ஃபிரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பார், மேலே சுருக்கம் விழுந்தால் பதம் சரி. மறுநாள் ரொம்பக் கெட்டியாக இருந்தால் ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் கலக்கிக்கொள்ளலாம். தளர்வாக இருந்தால் இன்னொரு தடவை இரண்டு நிமிடம் கொதிக்கவிடு.

கூடுதலாக ஏதாவது போட வேண்டும் என்றால் ஆரஞ்சு ஒன்று போதும். தண்ணீரில் பாதிக்கு அதன் சாறு, அடுப்பை அணைத்த பிறகு தோலின் ஆரஞ்சு நிறப் பகுதியை மட்டும் துருவிப் போடு. உள்ளே இருக்கும் வெள்ளை கசக்கும். பட்டை, கிராம்பு, இஞ்சி எல்லாம் போட்டு எழுதிய குறிப்புகள் ஏராளம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பண்டிகைச் சாப்பாட்டில் மற்ற எல்லாவற்றிலும் மசாலா இருக்கிறது, இந்த ஒரு கிண்ணமாவது பழமாக ருசிக்கட்டும். விருந்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே செய்து கண்ணாடி ஜாடியில் போட்டு வை. ஜெட்லாக் தூக்கத்தோடு அன்று காலையில் அடுப்படியில் நிற்க வேண்டாம். ஃபிரிஜ்ஜில் பத்து நாள் தாங்கும். அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறதே என்று கவலைப்படாதே, இதைத் தட்டில் ஒரு ஸ்பூன்தான் வைத்துக்கொள்வது வழக்கம்.

மருமகளின் அப்பா சரித்திர வாத்தியாராக இருந்தவர் என்று எழுதியிருந்தாய். அவரோடு பேச உனக்கு விஷயம் தருகிறேன், ஏனென்றால் இது நான் குடியிருக்கும் பக்கத்துப் பழம். வட அமெரிக்காவுக்கே சொந்தமான கொடி. இன்றைக்கு விஸ்கான்சின்தான் நாட்டின் விளைச்சலில் பாதிக்கு மேல் தருகிறது, எங்கள் மாசசூசெட்ஸ் மாநிலம் இரண்டாவது. ஆனால் பயிராக வளர்த்தது முதலில் இங்கேதான். கேப் காடில் டென்னிஸ் என்ற ஊரில் ஹென்றி ஹால் என்பவர், காற்றில் மணல் வந்து மூடிய காட்டுக்கொடிகள் நன்றாகக் காய்ப்பதைக் கவனித்து, 1816 வாக்கில் அதேபோல் மணல் போட்டு வளர்க்க ஆரம்பித்தார். இப்போதும் சில வருஷங்களுக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் வயலில் நிற்கும் பனிக்கட்டியின் மேல் மணலைப் பரப்பிவிடுகிறார்கள். பனி உருகும்போது மணல் கொடிகளுக்கு நடுவே இறங்கிவிடும்.

அக்டோபரில் நாங்கள் கார்வர் பக்கம் அறுவடை பார்க்கப் போயிருந்தோம். படங்களில் பார்த்து இது தண்ணீரில் விளையும் பயிர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கொடி தரையில்தான் படர்கிறது. அறுவடைக்கு மட்டும் வயலில் தண்ணீர் கட்டி, சுழலும் இயந்திரத்தால் கொடிகளை அலசிவிடுகிறார்கள். காற்றறைகள் என்றேனே, அதனால் உதிர்ந்த பழங்களெல்லாம் மிதக்கும். வேலையாட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மிதக்கும் வேலியை வளைத்து வளைத்து அந்தச் சிவப்பை ஒரு மூலைக்கு ஓட்டிக்கொண்டு வந்து லாரிக்கு ஏற்றுகிறார்கள். அது ஜூஸுக்கும் டப்பாவுக்கும் போகும். நீ வாங்கப்போகும் புதுப் பழம், தண்ணீர் கட்டாமல் காய்ந்த வயலில் பறித்தது. மொத்த விளைச்சலில் அது மிகச் சிறிய பங்குதான். அதனால்தான் பண்டிகை முடிந்ததும் கடையிலிருந்து மறைந்துவிடுகிறது.

எல்லா வயல்களும் நீடிக்கவில்லை என்பது வருத்தம். விலை கட்டாமல் சிலர் விட்டுவிட்டார்கள். பிளிமத்தில் டிட்மார்ஷ் என்ற பெரிய பண்ணை, நூறு வருஷத்துக்கு மேல் கிரான்பெரி விளைந்த இடம், அணைகளை எடுத்து ஓடையைத் திருப்பிவிட்டு மறுபடி சதுப்பு நிலமாக்கிவிட்டார்கள். இப்போது அது வனவிலங்கு சரணாலயம். நீ வந்தால் கூட்டிப்போகிறேன், பறவைகள் பார்க்க அருமையான இடம்.

இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் 1621இல் அதே பிளிமத்தில் நடத்தியதாகச் சொல்லும் முதல் தேங்க்ஸ்கிவிங் விருந்தில் இந்த சாஸ் இருந்திருக்க வழியில்லை, காய்ச்சுவதற்குச் சர்க்கரை ஏது? அந்த விருந்தைப் பற்றி, குடியேறியவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் பறவைகளும் ஐந்து மான்களும்தான் வருகின்றன. வான்கோழியோடு கிரான்பெரி சாஸ் வைக்கச் சொல்லும் சமையல் புத்தகம் 1796இல்தான் அச்சாகிறது. உன் சம்பந்திக்கு இது தெரிந்தே இருக்கும், ஆனாலும் பேச ஆரம்பிக்க நல்ல முனை.

இதற்கெல்லாம் வெகு காலம் முன்பிருந்தே சதுப்பு நிலங்களில் இந்தப் பழத்தைப் பறித்துச் சாப்பிட்டவர்கள் இந்த மண்ணின் வாம்பனோக் மக்கள். மார்த்தாஸ் வினியார்ட் தீவில் அக்வினாவில் இருப்பவர்கள் இன்றும் அக்டோபரில் கிரான்பெரி நாள் கொண்டாடுகிறார்கள். அதே மக்களில் பலருக்குத் தேங்க்ஸ்கிவிங் துக்க நாள். 1970 முதல் ஒவ்வொரு வருஷமும் அன்றைக்குப் பிளிமத்தில் கூடி, தங்கள் முன்னோர் இழந்த உயிரையும் நிலத்தையும் நினைவுகூருகிறார்கள். ஒரு வருஷம் நானும் போய்க் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். அந்த மத்தியானமே வீட்டில் விருந்தும் உண்டு. இரண்டையும் மனதில் வைத்துக்கொள்வது எனக்கு இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது, ஆனால் தெரியாமல் சாப்பிடுவதைவிடத் தெரிந்து சாப்பிட வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அங்கே மேஜையில் டப்பா சாஸும் இருந்தால் மனம் வாடாதே. டப்பாவின் வரிகளோடு உருளையாக வந்து விழும், அதை வட்டமாக வெட்டி வைப்பார்கள். இங்கே ஹான்சன் என்ற ஊரில் 1912இல் மார்கஸ் யுரன் என்ற வக்கீல் கிரான்பெரியை டப்பாவில் அடைக்க ஆரம்பித்தார். அந்த ருசியோடு வளர்ந்தவர்களுக்கு அது இல்லாமல் பண்டிகை நிறையாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

கடைக்குப் போகும்போது மூன்று பை வாங்கு. ஒன்று சாஸுக்கு. ஒன்றைக் கழுவாமல் அப்படியே ஃபிரீசரில் போடு, பிறகு வேண்டும்போது உருக்காமலே அடுப்பில் ஏற்றலாம். மூன்றாவது தொக்குக்கு. நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, பழத்தைப் போட்டு மசிய வதக்கி, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், கொஞ்சம் வெல்லம், இறக்கும்போது வறுத்த வெந்தயப் பொடி, பெருங்காயம். புளியே வேண்டாம். இங்கே நம் வீடுகளில் நவம்பர் வந்தால் இது இல்லாமல் இருக்காது, தயிர் சாதத்துக்கு அவ்வளவு பொருத்தம். இதற்கு எண்ணெய் பிரியும் வரை நன்றாகச் சுண்டவிடலாம், சாஸின் சட்டம் இதற்கு இல்லை. உன் பையனுக்கு ஒரு பாட்டில் கட்டாயம் செய்து வைத்துவிட்டு வா.

திருச்சியிலிருந்து கிளம்பும்போது கட்டிப் பெருங்காயம் இரண்டு டப்பா பெட்டியில் போட்டுக்கொள், ஒன்று எனக்கு. கிறிஸ்துமஸ் லீவில் இங்கே பத்து நாளாவது வந்து இருக்க வேண்டும் என்று இவரும் சொல்லச் சொன்னார். கொலம்பஸிலிருந்து பாஸ்டனுக்கு டிக்கெட் சீக்கிரம் விலை ஏறிவிடும், அண்ணனிடம் பேசித் தேதியை இந்த வாரமே சொல்லுடி.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்