அட்டையில் இல்லாத பத்து வசனங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். அத்தை எழுதுகிறேன். உனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ கேட்ட அதே கேள்வியைச் சபையில் இன்னும் மூன்று பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். அதனால் உன் பேரைப் போடாமல் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்தத் தட்டு, புது வருஷத்துக்கு ஆளுக்கொரு வசன அட்டை எடுக்கிற தட்டு, நம் வரிசைக்கு வந்தபோது நீ கண்ணை மூடிக்கொண்டு ஒரு அட்டையை எடுத்தாய். பக்கத்தில்தான் இருந்தேன். ரோஜாப்பூ படம் போட்ட வழவழப்பான அட்டை. எரேமியா 29:11. ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்.’ நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். கனடா வேலையைப் பற்றித்தான் நினைக்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. அட்டை அப்படியே போன் கவருக்குள் போய்விட்டது. மார்ச்சில் விசா இல்லை என்று பதில் வந்தது. போன வாரம் நீ அனுப்பியது ஒரே வரி: ‘கர்த்தர் வாக்கு மாறுவாரா அத்தை?’

மாறமாட்டார். ஆனால் அந்த வாக்கை அவர் யாருக்கு, எப்போது கொடுத்தார் என்று நீ பார்க்கவே இல்லை. அட்டை அச்சடித்தவர் பதினோராம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு முன்னால் பத்து வசனங்கள் இருக்கின்றன, பாப்பா.

அந்த அதிகாரமே ஒரு கடிதம். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும், கூடவே தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனான். அவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமில் இருந்துகொண்டு எழுதி அனுப்பியது இது. எழுத வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பது முந்தின அதிகாரத்தில் இருக்கிறது. அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னாலும் நின்று, ‘இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள்’ என்று கர்த்தர் பேரைச் சொல்லியே முழங்குகிறான். பாபிலோனுக்குப் பணிந்திருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் மாட்டியிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் போடுகிறான். நுகம் என்றால் மாட்டின் கழுத்தில் வைக்கிற தடி. நீ பார்த்திருக்க மாட்டாய். கேட்ட ஜனத்துக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! அந்த அனனியா இன்றைக்கு இருந்தால் அவன் வசனம்தான் எல்லார் ஸ்டேட்டஸிலும் ஓடும்.

எரேமியாவின் கடிதம் இதற்கு நேர் எதிர். வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள் என்கிறது. பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று கணக்கே சொல்லிவிடுகிறது. முப்பது வயதில் இதைக் கேட்டவனுக்கு நூறு வயதாகும். உன் அட்டையில் இருக்கிற வசனத்தை முதன்முதலில் காதால் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோன் மண்ணிலேயே அடக்கமாகியிருப்பார்கள். அப்படியென்றால் அந்த வாக்கு அவர்களுக்குப் பொய்யா? இந்தக் கேள்வியோடு பதினோராம் வசனத்தைத் திரும்பப் படித்துப் பார். வேறு மாதிரி கேட்கும்.

இன்னொன்று. ஆங்கில பைபிள் படிக்கிறவர்களுக்குச் சட்டென்று தெரியாதது நமக்குத் தெரியும். தமிழ் வேதாகமத்தில் கர்த்தர் ஒரு ஆளோடு பேசினால் ‘நீ’ என்றுதான் சொல்வார். மரியாதைக்கு ‘நீங்கள்’ போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. இங்கே ‘உங்கள்பேரில்’ என்று இருக்கிறது. ஒரு ஜனத்துக்கே சொன்னது. நீயும் அந்தக் கூட்டத்துக்குள் நிற்கலாம், ஆனால் தனியாக உன் விசா விண்ணப்பத்தைப் பற்றி அது பேசவில்லை. ‘எதிர்பார்த்திருக்கும் முடிவு’ என்பதும் உன்னை ஏமாற்றிவிட்டது என்று நினைக்கிறேன். எபிரெயத்தில் இருப்பது இரண்டு சொல். ஒன்று பின்னால் வரப்போகிற காலம், இன்னொன்று நம்பிக்கை. 1995-ல் வந்த இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அது எதிர்காலம், நம்பிக்கை என்று இரண்டாகவே இருக்கும். நாம் எதிர்பார்ப்பதையெல்லாம் தருகிறேன் என்று அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

அட்டையை நான் கிண்டல் பண்ணுவதாக நினைக்காதே. நானும் வருஷா வருஷம் எடுக்கிறவள்தான். ஆனால் அதை வைத்து நான் பட்டதை உங்க அப்பா உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். ஒரு வருஷம் எனக்கு உபாகமம் 28:12 வந்தது. ‘நீ அநேகம் ஜாதிகளுக்குக் கடன் கொடுப்பாய், நீயோ கடன் வாங்காதிருப்பாய்.’ அந்த மாசமே தெரிந்தவர் ஒருவர் கடை வைக்க ஒரு லட்சம் கேட்டு வந்தார். வசனமே வந்துவிட்டதே என்று இரண்டு வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தேன். கவனித்தாயா? கடன் கொடுப்பதற்காகக் கடன் வாங்கியிருக்கிறேன். அதே வசனத்தின் இரண்டாவது பாதியைக்கூட நான் படிக்கவில்லை! வட்டி கட்டி நகையை மீட்க இரண்டு வருஷம் ஆனது. அவர் இன்றுவரை போனை எடுப்பதில்லை. அந்த அதிகாரம் ‘கர்த்தருடைய சத்தத்துக்குச் செவிகொடுத்தால்’ என்று ஒரு நிபந்தனையோடு ஆரம்பிக்கிறது என்பது அப்புறம்தான் என் கண்ணில் பட்டது.

நம் மொழியில் இதற்கு ஒரு அழகான சொல் இருக்கிறது, திருவுளச்சீட்டு. கடவுளின் உள்ளத்தைச் சீட்டுப் போட்டுத் தெரிந்துகொள்வது. வேதத்திலும் உண்டு. யூதாஸுக்குப் பதிலாக ஒருவரைத் தெரிந்தெடுக்க அப்போஸ்தலர் சீட்டுப்போட, அது மத்தியா பேருக்கு விழுந்தது. வேப்பேரியில் அந்த மத்தியாவின் பேரில் ஆலயமே இருக்கிறது. ஆனால் அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் இறங்குகிறார். அதற்குப் பிறகு அப்போஸ்தலர் நடபடிகள் முழுக்கத் தேடினாலும் அவர்கள் ஒரு தரம்கூடச் சீட்டுப்போட்டதாக இல்லை. பெரோயா பட்டணத்து ஜனங்களோ பவுல் பேசியதையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு வைத்து ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக அவர்களுக்கு அங்கே நற்சாட்சியும் கிடைக்கிறது.

வேப்பேரி என்றதும் வேதாகமத்தைத் தமிழாக்கிய ஜெர்மன் மிஷனரி ஃபப்ரிசியஸ் ஐயர் நினைவுக்கு வருகிறார். 1761-ல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அங்கிருந்து கொண்டுவந்த அச்சு இயந்திரம் அவர் கைக்கு வந்து வேப்பேரியில் ஓடியது. புதிய ஏற்பாடு 1772-ல் வெளியானது. பழைய ஏற்பாடு முழுசாக வந்தது 1798-ல்; அவர் 1791-லேயே இறந்துபோயிருந்தார். நீயும் நானும் வைத்திருக்கிற பழைய திருப்புதல் வேதாகமம், அவர் போட்ட அஸ்திவாரத்தின் மேல் ஹென்றி பவர் குழுவினர் 1871-ல் முடித்தது. இவ்வளவு வேலை செய்த மனுஷர் வயதான காலத்தில் கடன் விவகாரங்களில் சிக்கிச் சிறைக்குப் போனார். அந்நியனுக்காகப் பிணைப்படுகிறவன் பாடுபடுவான் என்ற நீதிமொழியைத் தமிழாக்கியவரும் அவர்தான். இதைப் படித்த அன்றைக்கு என் ஒரு லட்சத்தை நினைத்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

சரி, எப்படிப் படிப்பது என்று கேட்பாய். எனக்குத் தெரிந்த வழி என் தொழில் கற்றுக்கொடுத்ததுதான். ராயப்பேட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் முப்பது வருஷம் புரூஃப் பார்த்தேன். ஒருத்தர் மூலத்தைச் சத்தமாக வாசிப்பார்; நான் அச்சான தாளில் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தொடர்வேன். ஸ்கேல் எதற்கு என்றால், கண் திருட்டுத்தனம் பண்ணும். தெரிந்த வாக்கியம் வந்தால் பாதியைப் பார்த்துவிட்டு மீதியைத் தானே நிரப்பிக்கொண்டு ஓடிவிடும். புதுசாக எழுதுகிறவர் கட்டுரையைவிடக் கல்யாணப் பத்திரிகையில்தான் நான் அதிகம் பிழை விட்டிருக்கிறேன், எல்லா வரியும் மனப்பாடம் என்பதால். ஞாயிறு பள்ளியிலிருந்தே வேதத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு வசனங்கள் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிட்டன. அதனால் வாய்விட்டு வாசி. ஸ்கேலை வை. எரேமியா 27-ல் ஆரம்பித்து 29 முடிய ஒரே உட்காருகையில் படி. பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார், அதற்கு முன்தினம் என்ன நடந்தது என்று பார்த்துக்கொண்டே போ. திரும்பத் திரும்ப வருகிற சொல்லைப் பென்சிலால் வட்டமிடு.

அப்படி நான் வட்டமிட்ட சொல் ‘சமாதானம்’. பதினோராம் வசனத்தின் பின்பாதியில், உன் அட்டையிலேயே, ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகள்’ என்று இருக்கிறது. நாலு வசனம் மேலே போனால் ஏழாம் வசனத்தில் மூன்று தரம் வருகிறது. சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்குச் சமாதானமிருந்தால் உங்களுக்கும் சமாதானமிருக்கும் என்று. எபிரெயத்திலும் நாலு இடத்திலும் ஒரே சொல்தான், ஷாலோம். அவர் நினைத்து வைத்திருக்கிற சமாதானம் அவர்களுக்குப் பிடிக்காத அந்த ஊரின் சமாதானத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறது.

உன் தாத்தாவின் வேதாகமம் என்னிடம்தான் இருக்கிறது. 1958-ல் திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து பெரம்பூருக்கு ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை வேலைக்கு வந்தார். ‘ரெண்டு வருஷம், அப்புறம் ஊருக்குப் போயிருவேன்’ என்று அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தவர். அவருக்கு மெட்ராஸ் பிடிக்கவே இல்லை. தண்ணீர் உப்பு என்பார், மனுஷரும் உப்பு என்பார். அந்த வேதாகமத்தில் பதினோராம் வசனத்துக்குக் கீழே ஒரு கோடுகூட இல்லை. ஏழாம் வசனத்துக்குக் கீழே சிவப்புப் பென்சில். ஓரத்தில் பொடி எழுத்தில் வரிசையாக: ‘பால்காரர் மகன் காய்ச்சல், எதிர்வீட்டு பாய், ஷெட்டில் சண்டை, மாடி வீட்டு அம்மாள் கண்.’ ஜெபித்து முடிந்ததை அடித்திருக்கிறார். அடிக்காத பேர்களும் இருக்கின்றன.

‘கர்த்தருடைய சித்தம் எது’ என்று கேட்கிறாயே, சித்தம் என்ற சொல்லுக்கு நம் தமிழில் மனசு என்றும் அர்த்தம். இருபது வருஷம் ஒரே எழுத்தாளருக்குப் புரூஃப் பார்த்த எனக்கு, மூலத்தைப் பார்க்காமலேயே ‘இந்தச் சொல் அவர் எழுதியதாக இருக்காது’ என்று சொல்ல முடிந்தது. எந்த விதியும் எனக்குத் தெரியாது. அவ்வளவு பக்கம் அவரோடு இருந்திருக்கிறேன், அதனால் தெரிந்தது. கனடாவா சிறுசேரியா என்று வேதத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆனால் எழுதியே வைத்திருக்கிற சித்தமும் உண்டு. எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள், அதுவே உங்களைக் குறித்துத் தேவனுடைய சித்தம் என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதுகிறார். நியாயம் செய், இரக்கத்தைச் சிநேகி, மனத்தாழ்மையாய் நட என்று மீகா தீர்க்கதரிசி சொல்கிறார். கனடா போய்விடுவோம் என்று வேளச்சேரி அறையைக் காலி பண்ணும்போது அட்வான்ஸ் முழுவதையும் நீயே வாங்கிக்கொண்டாயாமே? கூட இருந்த பெண்ணின் பங்கு பதினைந்தாயிரம் இன்னும் உன்னிடம் இருக்கிறது என்று அப்பா சொன்னார். அதற்கு அட்டை எடுக்க வேண்டியதில்லை. அவர் சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன் உபதேசத்தை அறிந்துகொள்ளுவான் என்று யோவான் 7:17-ல் இயேசு சொல்லும்போது மனதை முதலில் வைக்கிறார், அறிவைப் பின்னால் வைக்கிறார். நான் இத்தனை காலம் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

வருகிற சனிக்கிழமை இங்கே வா. பறக்கும் ரயிலில் பார்க் டவுனில் இறங்கி, சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் பெரம்பூர் வண்டி பிடி. பஸ்ஸில் வந்தால் மதியம் ஆகிவிடும். விரால் மீன் வாங்கி வைக்கிறேன். அட்டையை எறிந்துவிடாதே, கொண்டு வா. தாத்தா வேதாகமத்தில் அந்தப் பக்கத்துக்கு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். வரும்போது 28-ஆம் அதிகாரத்தை மட்டும் படித்துக்கொண்டு வா. ‘இரண்டு வருஷம்’ என்று அனனியா சொன்ன உடனே எரேமியா மறுக்கவில்லை. ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்கிறார். அது பரிகாசமா, இல்லை அவருக்கும் அப்படியே நடந்துவிடாதா என்று ஆசை இருந்ததா? நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கணும்.

இப்படிக்கு,
உன் அத்தை