சிறார் வழக்குகளில் மிரட்டலையும் காதலையும் ஒன்றாக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறார் ஒருவர் மற்றொரு சிறாரிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம், கடுமையான தண்டனை வேண்டும் என்ற குரலே முதலில் எழுகிறது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெற்றோருக்கு அந்தக் கோபம் இயல்பானதே. ஆனால், நம் சட்டத்தில் தீர வேண்டிய குறை தண்டனையின் அளவில் இல்லை என்று கருதுகிறேன்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாப்பதற்கான 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகளாகவே கொள்வதால், அவர்களுடைய சம்மதத்துக்கு அதில் மதிப்பில்லை. குற்றம் சாட்டப்பட்டவரும் குழந்தையாக இருந்தால், வழக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குச் செல்லும். 16 வயது நிறைந்தவர் மீதான குற்றச்சாட்டு, குறைந்தது 7 ஆண்டுச் சிறைக்குரிய கொடுங்குற்றமாக இருந்தால், அவருடைய மன, உடல் திறனைக் குழுமம் ஆராயும் முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பின் அவரைப் பெரியவரைப் போல விசாரிக்கவும் வழி உண்டு.

இதனால், ஒருவரையொருவர் விரும்பிப் பழகி உடலுறவு வரை சென்ற 17 வயது மாணவனும் 16 வயது மாணவியும், விடுதியில் இளைய மாணவனை மிரட்டித் திரும்பத் திரும்பத் துன்புறுத்திய மூத்தவனும் ஒரே சட்டத்தின் வாசலில் நிறுத்தப்படுகிறார்கள். முதல் வழக்கில் இருவரும் குழந்தைகளே. ஆயினும் பெண் வீட்டார் புகாரளிக்க, பையன் மட்டும், விசாரணையிலுள்ள சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்குப் போகிறான். இரண்டாவதோ, நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும் என்ற அச்சத்தில் வெளியே வராமலே போய்விடுகிறது. தனக்குக் கீழுள்ள ஒருவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை என்று போக்சோ சொல்கிறது. மாணவர்களுக்கிடையே நடப்பதை மறைப்பவர்களுக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

இச்சட்டம் வளரிளம் பருவத்துக் காதலர்களைத் தண்டிப்பதற்காக இயற்றப்பட்டதன்று என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் சுட்டிக்காட்டியது. சட்ட ஆணையம் 2023-இல் அளித்த தனது 283-ஆவது அறிக்கையில், சம்மத வயதைக் குறைக்க வேண்டாம் என்றும், 16 முதல் 18 வயதுக்குட்பட்டோர் வழக்குகளில் தண்டனையைச் சூழலுக்கேற்பத் தீர்மானிக்க நீதிமன்றத்துக்கு வரையறுக்கப்பட்ட விருப்புரிமை தரலாம் என்றும் பரிந்துரைத்தது. வயதைக் குறைத்தால் 16 வயதுச் சிறுமியை ஏமாற்றும் முப்பது வயதுக்காரரும் தப்பிவிடுவார் என்பதால், அதன் முதற்பாதியை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். விருப்புரிமை மட்டும் போதாது. அது நீதிபதிக்கு நீதிபதி மாறும். இருவருக்கும் இடையே ஓரிரு ஆண்டுகளே வயது வேறுபாடு இருந்து, மிரட்டலோ ஏமாற்றோ அதிகாரமோ கலவாத நிலையில், வழக்கே பதிவாகாதபடி சட்டத்திலேயே விதிவிலக்கு எழுதப்பட வேண்டும். மிரட்டல் இருந்த வழக்குகளில், துன்புறுத்திய சிறுவனே முன்பு எவராலேனும் துன்புறுத்தப்பட்டானா என்று குழுமம் விசாரிப்பதும், பாதிக்கப்பட்ட குழந்தை பள்ளியை விட்டு விலக நேராமல் காப்பதும் கட்டாயமாக வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இரு தரப்புச் சிறாரின் அடையாளத்தையும் வெளியிடச் சட்டம் தடை விதித்திருக்கிறது. பெயரைத் தவிர்த்துவிட்டுப் பள்ளியையும் தெருவையும் தந்தையின் தொழிலையும் அச்சிடுவது அத்தடையை மீறுவதே ஆகும். அவற்றையும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்