ஐந்தில் ஒரு பங்கு கூட்டி

அன்பு மகனுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். இங்கே அப்பாவும் நானும் சுகம்.

பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்துக்கு வந்ததும் பைபிள் வாசிப்பு நின்றுபோச்சு என்று போனில் சொன்னாய். "ஒரே ரத்தமா இருக்கும்மா. அதான் இயேசு பலியாகிட்டாரே, இன்னும் எதுக்கு இதைப் படிக்கணும்?" என்றாய். நியாயமான கேள்விதான். காளை, வெள்ளாட்டுக்கடாவின் இரத்தம் பாவத்தை நீக்காது, கிறிஸ்து ஒரே தரம் பலியானார் என்று புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபமே சொல்கிறது. கி.பி. 70-இல் ரோமர் எருசலேம் தேவாலயத்தை இடித்த பிறகு அங்கே பலியும் இல்லை. ஆனாலும் அந்த முதல் ஏழு அதிகாரங்களைத் தாண்டிப் போய்விடாதே.

முதல் அதிகாரத்தை மெதுவாகப் படி. சர்வாங்க தகனபலி, அதாவது முழுவதும் எரிக்கும் பலி, கொண்டுவருகிறவன் மாட்டை ஆசாரியனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்க முடியாது. அதன் தலைமேல் அவனே கை வைக்க வேண்டும். அவனே அறுத்து, தோலுரித்து, துண்டுபோட வேண்டும். இரத்தத்தைத் தெளிப்பதும் துண்டுகளை விறகின்மேல் அடுக்குவதும் ஆசாரியர் வேலை. தன் தொழுவத்தில் வளர்ந்த, பழுதில்லாத காளையின் சூடு உள்ளங்கையில் ஏறும்போது அவனுக்கு எப்படி இருந்திருக்கும்! சிலுவையை நினைத்து ஜெபிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கை நினைவுக்கு வரும்.

ஐந்தாம் அதிகாரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆட்டுக்கு வழியில்லாதவன் இரண்டு புறா கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லையா, எப்பா என்ற அந்தக் கால அளவையில் பத்தில் ஒரு பங்கு மாவு போதும். இன்றைய அளவில் சுமார் 2 லிட்டர். எண்ணெய் வேண்டாம், தூபவர்க்கம் வேண்டாம். ஆசாரியன் ஒரு கைப்பிடி எடுத்து எரிப்பான். ஆடு கொண்டுவந்தவனுக்குக் கிடைத்த அதே மன்னிப்பு இவனுக்கும். மரியாளும் யோசேப்பும் பாலகன் இயேசுவோடு தேவாலயத்துக்கு வந்தபோது செலுத்தியதும் ஏழைகளுக்கான அதுபோன்ற பறவைக் காணிக்கைதான்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஆறாம் அதிகாரத்துக்காக. கொடுக்கல் வாங்கலில் வஞ்சித்தவன், கண்டெடுத்ததை மறைத்தவன், பொய்யாணை இட்டவன் என்ன செய்ய வேண்டும்? எடுத்ததை முழுசாகத் திருப்பி, அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உரியவன் கையில் கொடுக்க வேண்டும். அதோடுதான் குற்றநிவாரண பலிக்கு ஆட்டுக்கடா. வெறும் ஆட்டோடு போய் நிற்க முடியாது. இயேசு இதைத் தள்ளிவிடவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்றார். வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்றபோது, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார். மனுஷனுக்குத் தர வேண்டியதைச் சிலுவையின் கணக்கில் எழுதிவிட முடியாது, தம்பி.

புது வேலையின் முதல் சம்பளத்தை ஸ்தோத்திர காணிக்கையாக, நன்றியாகப் படைக்கப் போகிறேன் என்றாய். கேட்டு அப்பா கண் கலங்கிவிட்டார். ஆனால் உன்னோடு ரூமில் இருந்த பையன் உனக்காகக் கட்டின அட்வான்ஸ் 20,000 ரூபாய் இன்னும் பாக்கி இருக்கிறதே. வேலை இல்லாத நாளில் கொடுக்க முடியவில்லை, அதில் குற்றமில்லை. இப்போது அவன் போனை எடுக்காமல் இருக்கிறாயே, அதுதான் என் மனதை உறுத்துகிறது. முதலில் அவனைக் கூப்பிட்டுப் பேசு. 20,000-த்தோடு 4,000 சேர்த்து அனுப்பு. வேண்டாம் என்பான், நீ விடாதே. சபைக்கான காணிக்கை அடுத்த மாதம் போகட்டும், போதகர் ஐயாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்று. ஸ்தோத்திரத்துக்காகச் செலுத்தும் சமாதானபலியின் இறைச்சியை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியும்வரை மீதி வைக்கக் கூடாது என்கிறது ஏழாம் அதிகாரம். கொழுப்பும் ஆசாரியன் பங்கும் போனாலும், ஒரு ஆட்டை ஒரு வீடு ஒரே நாளில் தின்ன முடியுமா? நாலு பேரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வா. எத்தனை பேர் என்று முன்னாலேயே சொன்னால் கறிக்குச் சொல்லி வைத்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா