தொடக்கப் பள்ளி முன்னாள் மாணவர் – பெற்றோர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும், தலைமையாசிரியை அவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களுக்கும், இந்த வெயிலிலும் வந்திருக்கும் அங்கத்தினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்கள் இதை வாட்ஸ்அப்பில் படித்துவிட்டுக் கட்டைவிரல் ஒன்று போடுவார்கள். அதையும் வருகைப் பதிவில் சேர்க்கலாமா என்று பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

ஆண்டு நிகழ்ச்சிகள். 2024 ஜூன் 10 அன்று பள்ளி திறந்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சங்கத்தின் சார்பில் சிலேட்டும் குச்சியும் கொடுத்தோம். ஜூலை 15 காமராஜர் பிறந்தநாளைக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடினோம். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய மூவரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். ஆகஸ்ட் 15-ல் கொடியேற்றமும் மிட்டாயும். ஆசிரியர் தினம், குழந்தைகள் தினம், பொங்கல் விழா எல்லாம் வழக்கம்போல. கலைத் திருவிழாவில் இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பிலிருந்தே சேர்த்துக்கொண்டதால் நம் சின்னப் பிள்ளைகளும் மேடை ஏறினார்கள். ஆண்டு விழாவில் மைக்செட் என்ன பாடுபடுத்தியது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை எழுத வேண்டியதில்லை.

2024 ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழு மறுபடி அமைக்கப்பட்டது. 24 பேர் கொண்ட குழு. இந்த முறை முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் உண்டு. ‘அந்தக் குழு இருக்கும்போது சங்கம் எதற்கு?’ என்று சிலர் கேட்கிறார்கள். அது 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்தது. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நம் சங்கமோ நாமாக ஆசைப்பட்டு அமைத்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்னவென்றால், அந்தக் குழுவில் இருக்கும் தாய்மார்கள் நூறுநாள் வேலை முடித்து, முகம் கழுவி, கூட்டத்துக்கு நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததிலிருந்து நம் பள்ளியிலும் நடக்கிறது. முதல் மணிக்குள் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள் என்று ஆசிரியைகள் சொல்கிறார்கள். எழுத்தும் கணக்கும் அடிப்படையிலிருந்து கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் வகுப்புகளும் நன்றாக நடக்கின்றன. அதில் பிள்ளைகளை அவரவர் படிப்பு நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பார்கள். ‘எங்க பிள்ளை இன்னும் அரும்புலயே இருக்கா, எப்ப மொட்டாவா?’ என்று ஒரு பாட்டி வந்து கேட்டது தனிக்கதை.

இனி பதிவேட்டு வேலைக்கு வருகிறேன். இதைப் பற்றித் தேவைக்கு மேல் பேசுகிறேன் என்று செயற்குழுவிலேயே ஒருவர் சொன்னார். அதனால் முழுமையாகவே சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. நம் பக்கம் அவ்வளவு இல்லை என்றாலும் பழைய கட்டடத்தின் ஓடு ஒழுகி, பீரோவின் கீழ்த்தட்டு நனைந்தது. அந்தத் தட்டில்தான் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் இருந்தன. அவற்றைக் காய வைத்து மறுபடி உள்ளே வைத்ததோடு வேலை முடிந்தது என்று எல்லோரும் இருந்துவிட்டோம். இந்த ஆண்டு சுண்ணாம்பு அடிக்கப் பீரோவை நகர்த்தியபோது பார்த்தால், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரமெல்லாம் பூச்சி. மை பழுப்பேறி, சில பெயர்களைச் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது.

சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம். பள்ளியை விட்டு வெளியே எடுத்துப் போகக் கூடாது. ஆகவே சனிக்கிழமைகளில் தலைமையாசிரியை முன்னிலையில், பள்ளித் திண்ணையிலேயே வேலை நடந்தது. பக்கங்களைப் பிரித்து, மெல்லிய தூரிகையால் தூசு தட்டி, ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, பெயர்களை ஒரு நோட்டில் படியெடுத்தோம். ‘லேமினேஷன் போட்டுவிடுவோம்’ என்று தலைவர் அண்ணாச்சி சொன்னார். பழைய காகிதத்துக்கு அது ஆகாது, பின்னால் பிரிக்கவே முடியாது என்று ஒரு நூலகர் எச்சரித்ததால் விட்டுவிட்டோம். அதில் மிச்சமான பணத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று பலரும் கேட்டார்கள். முதல் பதிவேட்டில் திருநெல்வேலி ஜில்லா போர்டு முத்திரை இருக்கிறது. அறுபதுகளிலிருந்து ஊராட்சி ஒன்றியம். 1986 அக்டோபரில் மாவட்டம் பிரிந்த பிறகு வந்த மாற்றுச் சான்றிதழ்களில் சிதம்பரனார் மாவட்டம். 1997-ல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயரை எடுத்த பிறகு தூத்துக்குடி மாவட்டம். பள்ளி இருந்த இடத்தை விட்டு நகராமலே மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது.

அப்புறம் பிறந்த தேதிகள். பழைய பக்கங்களில் ஊரில் பாதிப்பேர் மே மாதமோ ஜூன் மாதமோ பிறந்திருக்கிறார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று வாத்தியார் எடுத்துக்கொள்வார். பள்ளி திறக்கும் நாளில் வயது சரியாக இருக்கும்படி ஒரு தேதியும் போடுவார். அந்தத் தேதியில்தான் நம் அங்கத்தினர் பலர் வேலைக்குப் போனார்கள், ஓய்வு பெற்றார்கள், இன்று பென்ஷனும் வாங்குகிறார்கள். நிஜப் பிறந்தநாளைக் கேட்டால் ‘ஐப்பசி அடைமழையில’ என்பார்கள்.

1953-54-ல் கிராமப் பள்ளிகளில் பாடநேரத்தைக் குறைத்து இரண்டு முறையாகப் பிரித்திருந்த காலத்தையும், 1954-ல் காமராஜர் முதலமைச்சராகி அதைக் கைவிட்ட பிறகு சேர்க்கை கூடியதையும் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு பக்கத்துக்குச் சில பெயர் என்று இருந்தது, பக்கம் நிறைய ஆரம்பிக்கிறது. 1956-ல் மதிய உணவு தொடங்கியது. அது நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் எட்டயபுரத்தில் தொடங்கியது என்பது நம் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. ஆரம்பத்தில் அரசுப் பணத்தோடு ஊர்க்காரர்கள் பங்கும் சேர்ந்துதான் உலை கொதித்தது. அறுவடைக் காலத்தில் வீட்டுக்கு வீடு கம்பும் சோளமும் அளந்து கொடுத்ததைப் பெரியவர்கள் சொல்கிறார்கள். 1961-க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து ‘கேர்’ தொண்டு நிறுவனம் மூலம் வந்த பால் பவுடரைக் கையில் கொட்டி நக்கிய கதையை நம் துணைத் தலைவர் அண்ணாச்சி கேட்காமலே சொல்வார். 1982 ஜூலை 1-ல் சத்துணவு வந்தது. அந்த ஆண்டுப் பக்கங்களும் தடித்தவை.

பெண்பிள்ளைகள் பெயர் ஆரம்பத்தில் பக்கங்கள் தள்ளித்தான் ஒன்று வருகிறது. வந்த பெயரும் மூன்றாம் வகுப்போடு நின்றுவிடும். எழுபதுகளின் பக்கங்களில் ‘பள்ளியை விட்ட காரணம்’ என்ற கட்டத்தைப் படிக்கும்போது எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவை வைத்துவிட்டாள். தீப்பெட்டி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், மேலே உள்ளபடி, மேலே உள்ளபடி. விடியுமுன் தீப்பெட்டித் தொழிற்சாலை வேன் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலம். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் அந்தச் சொல் உடனே நின்றுவிடவில்லை, எழுதுவதுதான் குறைந்தது என்று நினைக்கிறேன். அந்தப் பெண்பிள்ளைகளில் சிலர் இன்று பாட்டிகளாக, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு இதே வாசலுக்கு வருகிறார்கள்.

எதிர்ப்புக்கு வருகிறேன். படியெடுத்த பெயர்களைப் பள்ளிச் சுவரில் பலகையாக வைக்கலாம் என்று செயற்குழு ஒப்புக்கொண்டது. உடனே இரண்டு கேள்வி வந்தது. ஒன்று, பதிவேட்டில் சாதிக் கட்டம் இருக்கிறதே, அதைப் பலகையில் போடப் போகிறீர்களா என்று. போடவில்லை. பள்ளியை விட்ட காரணத்தையும் போடவில்லை. பெயர், தகப்பனார் பெயர், சேர்ந்த ஆண்டு, அவ்வளவுதான். இரண்டாவது கேள்வி வேறு மாதிரி. பள்ளிக்கு இடம் கொடுத்த குடும்பத்தின் பெயர் முதலில் வர வேண்டாமா, எங்கள் தாத்தா பெயருக்குக் கீழே இன்னார் தாத்தா பெயர் வருவது முறையா என்று மூன்று வீட்டிலிருந்து ஆள் வந்தது. சேர்க்கை எண் வரிசையில்தான் வரும் என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் அன்றைக்கு எந்த வரிசையில் எழுதினாரோ அந்த வரிசை. ஒரே வாரத்தில் சேர்ந்து, ஒரே மணலில் அ எழுதிய இரண்டு பேரை இப்போது மேலே கீழே என்று பிரிக்க எனக்கு அதிகாரம் இல்லை. இதற்குப் பிறகு அந்த மூன்று வீட்டுச் சந்தாவும் நின்றுவிட்டது. அதை இழப்பு என்று கணக்கில் காட்டியிருக்கிறோம்.

‘கழிப்பறை மோட்டாரை மாற்றாமல் பழைய நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்’ என்று என்னைப் பற்றிப் பேச்சு இருப்பது தெரியும். மோட்டார் நவம்பரில் மாற்றப்பட்டது. பாதிப் பணம் தலைமையாசிரியை தன் கையிலிருந்து போட்டது, இன்னும் நாம் திருப்பிக் கொடுக்கவில்லை. பதிவேட்டு வேலைக்கு ஆன செலவில் பெரும்பகுதி டீதான்.

பலகை முக்கியம் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் பிள்ளைகள் எண்ணிக்கை. தாத்தா பெயரைச் சுவரில் பார்த்தால் பேரனை இங்கே சேர்க்கத் தோன்றாதா என்ற நப்பாசைதான். தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், அறுபத்தொன்றாவது பிள்ளை வந்தால் மூன்றாவது ஆசிரியர். இதுதான் சட்டம். நாம் பல ஆண்டுகளாக அறுபதுக்குக் கீழேயே இருக்கிறோம். ஐந்து வகுப்பை இரண்டு ஆசிரியைகள் பார்க்கிறார்கள். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில். இதைப் பார்த்துப் பெற்றோர் பிள்ளையை மாற்றுகிறார்கள், பிள்ளை குறைவதால் ஆசிரியர் வருவதில்லை. காலையில் பேருந்து நிறுத்தத்தில் மஞ்சள் வேன் நிற்கும்போது அதில் ஏறும் பிள்ளைகளை நம் வகுப்பறையில் உட்கார வைத்தால் மூன்றாவது ஆசிரியரைச் சட்டப்படியே கேட்கலாம். அந்த வேனில் ஏறும் பிள்ளைகளில் சிலர் நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள். அவரவர் பிள்ளை, அவரவர் விருப்பம். ஆனால் தாத்தா பெயர் பலகையில் முதலில் வர வேண்டும் என்று கேட்டவர் வீட்டுப் பேரனும் அந்த வேனில் இருப்பதை இந்த அறிக்கை பதிவு செய்கிறது.

காலனியிலிருந்தும் வடக்குத் தெருக் கடைசியிலிருந்தும் பிள்ளைகள் வர ஒரு ஷேர் ஆட்டோ பேசியிருந்தோம். ஜூலையில் தொடங்கி தீபாவளியோடு நின்றது. காரணம் பணம். ஆட்டோ நின்ற வாரமே இரண்டு பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள்.

சந்தாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். பட்டியலில் இருக்கும் அங்கத்தினரில் சந்தா கட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. கட்டியவர்களில் பெரும்பாலோர் ஊரிலேயே இருந்து கரிசலில் மிளகாயும் உளுந்தும் போட்டு, மழை பொய்த்தால் மறு வருஷம் பார்ப்போம் என்று இருப்பவர்கள். சென்னை, கோவை, திருப்பூர், துபாய் என்று நல்லபடியாக இருக்கும் அங்கத்தினர்கள் குழுவில் பழைய வகுப்புப் படத்தைப் பார்த்ததும் கண்ணீர் முகம் போடுகிறார்கள். கூகுள் பே எண்ணைப் போட்ட மறு நிமிடம் குழுவில் சத்தமே இல்லை. கோயில் கொடைக்கு வரி எழுதும்போது முதல் ஆளாகக் கொடுக்கிறார்கள், சந்தோஷம். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ‘கவர்மெண்ட் பாத்துக்கும்’ என்கிறார்கள். கவர்மெண்ட் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. சோறு போடுகிறது, புத்தகம் தருகிறது, சீருடை தருகிறது. ஆட்டோ கூலிக்கு அதில் தலைப்பு இல்லை.

கணக்கு. வரவு, செலவு விவரம் பொருளாளர் அண்ணாச்சியிடம் உள்ள பச்சை நோட்டில் இருக்கிறது. பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். சுருக்கமாக, போன ஆண்டு இருப்பு இந்த ஆண்டு இல்லை. வரவைவிடச் செலவு கொஞ்சம் கூடுதல். அந்தக் கொஞ்சத்தைப் பொருளாளரே தாங்கியிருக்கிறார், அவர் வீட்டு மதினிக்குத் தெரியாமல். மதினி இன்று கூட்டத்துக்கு வந்திருப்பதால் இதற்கு மேல் விளக்கவில்லை.

நன்றி. இரண்டு ஆசிரியைகளுக்கும், சத்துணவு அமைப்பாளருக்கும், காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து அடுப்பு மூட்டும் மகளிர் குழுச் சகோதரிகளுக்கும், ஊராட்சிக்கும், பந்தல் போட்டவருக்கும், பதிவேட்டைப் படியெடுக்க உதவிய கல்லூரிப் பிள்ளைகளுக்கும், ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி. ஒத்துழைக்காதவர்கள் குறுக்கே வராமல் இருந்ததற்கும்.

அடுத்த ஆண்டு. செயலாளர் பொறுப்புக்கு இளைஞர் ஒருவர் வருவது நல்லது என்பது என் கருத்து. போன ஆண்டும் இதையே சொன்னேன், யாரும் எழுந்திருக்கவில்லை. யாராவது வந்தால் சாவியையும் நோட்டையும் இன்றே தருகிறேன். வராவிட்டால், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஆட்டோ ஓட வேண்டும், அதற்கு முன்பணம் வேண்டும், தலைமையாசிரியைக்குத் தர வேண்டிய மோட்டார் பணமும் பாக்கி. பலகையில் இன்னும் தொண்ணூறுகளுக்குப் பிந்தைய பெயர்கள் எழுதவில்லை. அந்தக் காலத்தில் படித்தவர்கள்தான் இப்போது நல்ல சம்பளத்தில் இருக்கிறார்கள். பெயின்ட் வாங்கப் பணம் வந்ததும் அவர்கள் பெயரும் எழுதப்படும். சேர்க்கை எண் வரிசையில்தான்.

கூட்டம் முடிந்ததும் பொருளாளர் அண்ணாச்சி வேப்பமரத்தடியில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். 500 ரூபாய்த் தாளுக்குச் சில்லறை வைத்திருக்கிறார். டீயும் வடையும் அங்கேதான்.

இவண்,
செயலாளர்