"பால் காணாது" என்று சொல்லுமுன்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் சிநேகிதிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி வாசித்து மனம் நிறைந்துபோனது. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பகலில் முற்றத்தில் கால் வைக்க ஏலாத வெக்கை. உன் கடிதத்தின் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். "மகளுக்குப் பால் காணாது, பால்மா வாங்கி வைத்திருக்கிறம்" என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பேணியை இப்போது திறக்க வேண்டாம்.

நீ எழுதிய நிறைகளையே பார். பிறந்தபோது 2.900 கிலோ, ஐந்தாம் நாள் 2.720, பத்தொன்பதாம் நாள் 3.100. முதல் நாட்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நிறை இறங்கும். நூற்றுக்குப் பத்துக்கு மேல் இறங்கினால்தான் யோசிக்க வேண்டும். இவளுக்கு ஆறுதான். அதன் பிறகு 14 நாளில் 380 கிராம், அதாவது நாளுக்கு 27 கிராம் ஏறியிருக்கிறாள். 20 முதல் 30 வரை ஏறினால் போதும். பால் காணாத பிள்ளை இப்படி ஏறாது. இன்னும் சந்தேகம் என்றால் துணிகளை எண்ணு. ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைந்து, சிறுநீர் மஞ்சளிக்காமல் இருந்தால் வயிறு நிரம்புகிறது.

பின்னேரத்தில் விடாமல் அழுகிறாள், மார்பை விட்டால் திரும்பவும் தேடுகிறாள் என்கிறாய். மூன்றாம் கிழமை, ஆறாம் கிழமை, மூன்றாம் மாதம் என்று பிள்ளை விறுவிறென்று வளரும் காலங்களில் இப்படித்தான் மணிக்கொரு தரம் கேட்கும். இரண்டு மூன்று நாள் கேட்ட நேரமெல்லாம் கொடுத்தால் சுரப்புக் கூடி, தானாக அடங்கும். இறைக்கிற கிணறுதானே ஊறும். மார்பில் பால் தேங்கினால், அந்தப் பாலிலுள்ள ஒரு புரதமே சுரப்பைக் குறைத்துவிடும். இன்றைக்கு ஒரு போத்தல் பால்மா கொடுத்தால் பிள்ளை நாலு மணித்தியாலம் தூங்கும், மார்பு கட்டி நிற்கும், நாளைக்குப் பால் குறையும், இரண்டாவது போத்தல் வரும். கொஞ்ச நாளில் "காணாது" என்ற சொல் உண்மையாகிவிடும். இரவுப் பாலையும் நிறுத்த விடாதே. பால் சுரக்க வைக்கும் ஹோர்மோன் இரவில்தான் கூடுதலாக வேலை செய்யும்.

காம்பு வெடித்து நோகிறது என்றும் எழுதியிருக்கிறாய். பிடிப்புச் சரியில்லை. பிள்ளையின் தலையும் உடம்பும் ஒரே நேராக, வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். காம்பால் மேலுதட்டைத் தடவினால் கொட்டாவி விடுகிற மாதிரி வாய் திறப்பாள். அந்த நொடியில் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், மார்பைப் பிள்ளைக்குக் குனிந்து கொடுக்கக் கூடாது. நாடி மார்பில் முட்டி, கீழுதடு வெளியே மடிந்து, காம்பைச் சுற்றிய கறுப்பு வட்டம் மேலே கூடவும் கீழே குறையவும் தெரிந்தால் பிடிப்புச் சரி. நொந்தால் இழுத்து எடுக்காமல், சின்ன விரலை வாயோரத்தில் விட்டுக் காற்றை உடைத்து, திரும்பப் போடச் சொல். ஒரு பக்கம் முழுக்கக் குடித்து முடித்த பிறகே மறுபக்கம். கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்புக் கூட.

வெக்கைக்குத் தண்ணீர் பருக்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு அளவில் தண்ணீர்தான். ஆறு மாதம் வரை வேறொன்றும் தேவையில்லை. நாக்கில் தேன் தொட்டு வைப்பதும் ஒரு வயதுக்கு முன் கூடாது; தேனிலிருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குடலில் முளைத்து நரம்பை வாதிக்கும்.

மகளுக்குப் பால்சுறா, முருங்கையிலை, உள்ளி எல்லாம் தாராளமாகக் கொடு, நல்ல சாப்பாடு. பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று அவளுக்குத் தண்ணீரை மட்டும் மறுக்காதே.

இவ்வளவு வற்புறுத்த ஒரு காரணம் உண்டு. மகள் இருக்கும் வீட்டில் உள்ள கிருமிகளுக்கு எதிராக அவள் உடம்பு எதிர்ப்புப் புரதம் செய்து பாலில் அனுப்புகிறது. வயிற்றோட்டம், நியூமோனியா, காதுக்குத்து எல்லாம் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவு. அந்த வீட்டுக் கிருமிக்கென்றே செய்த மருந்து எந்தப் பேணியிலும் இல்லை.

84 நாள் லீவு முடிந்து அவள் வேலைக்குப் போனாலும் நிறுத்தத் தேவையில்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் பிழிந்து எடுக்கலாம். 25 பாகையில் 4 மணித்தியாலம் தாங்கும், எங்கள் வெக்கையில் தாங்காது. எடுத்தவுடன் பிரிட்ஜுக்குள், கதவில் அல்ல, உள்ளே வை. அங்கே 4 நாள் இருக்கும். அடுப்பில் சூடாக்காமல் இளஞ்சுடுநீரில் பாத்திரத்தை நிறுத்தி வை. போத்தல் வேண்டாம், சின்னக் கோப்பை போதும்: பிள்ளையை இருத்திப் பிடித்து, பால் உதட்டில் தொடுமளவுக்குக் கோப்பையைச் சாய்த்தால் அவளே நக்கிக் குடிப்பாள். வாய்க்குள் ஊற்றினால் புரைக்கேறும்.

உண்மையிலேயே பால் குறைந்த தாய்மாரும் இருக்கிறார்கள். தைரொயிட் குறை, மார்பில் செய்த சத்திரசிகிச்சை, கருப்பையில் தங்கிய நஞ்சுக்கொடித் துண்டு என்று அதற்குக் காரணங்கள் இருக்கும். பிள்ளை சோர்ந்து, எழுப்பியும் குடிக்காமல், துணி நனைவது குறைந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போ. மார்பு சிவந்து கட்டிபட்டு மகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான், ஆனால் அந்தப் பக்கத்தில் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

அடுத்த கிழமை கிளினிக்கில் நிறுத்த நிறையை எழுது. பிள்ளை வாயை வைத்திருக்கும் விதத்தைப் பக்கத்திலிருந்து ஒரு படமும் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதி