அடித்துவிட்ட வரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் அறுவைச் சிகிச்சை முடிந்து, இப்போதுதான் என்னை எழுத விடுகிறார்கள். பார்வை தெளிந்துவிட்டது, கவலைப்படாதே.

நான்கு பக்கம் உன் தனிமையை எழுதிவிட்டு, "உன் இழப்புக்கு முன் இதெல்லாம் ஒரு துன்பமா, மன்னித்துக்கொள்" என்று முடித்திருந்தாய். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் மனைவி இறந்துபோனதால் உனக்கு வலிக்கக் கூடாதா?

வீடு நிறைய ஆட்கள் இருந்தும் நாள் முழுக்க உன்னிடம் ஒருவரும் நின்று பேசுவதில்லை என்கிறாய். நான் இருப்பது ஆளில்லாத வீடு. எது கொடியது என்று யார் தீர்ப்புச் சொல்வது? தனிமையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் ஜான் கசியோப்போ, பசியையும் தாகத்தையும் போல அதுவும் நமக்குள்ளிருந்து எழும் எச்சரிக்கை என்றார். சுற்றிலும் எத்தனை பேர் என்பது அதற்குக் கணக்கே இல்லை. பசித்தவனிடம் போய், உன்னைவிடப் பசித்தவன் இருக்கிறான் என்றால் அவன் வயிறு நிறையுமா?

நானும் அதையே செய்தவன்தான். முதல் வருடம் முழுவதும் என்னைவிட நொந்தவர்களைத் தேடித் தேடி நினைத்துக்கொண்டேன். 'கீழ்நோக்கிய ஒப்பீடு' என்று இதைப் பற்றி தாமஸ் வில்ஸ் என்ற ஆய்வாளர் 1981இல் எழுதியிருக்கிறார். ஆறுதல் கிடைக்கத்தான் செய்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் விளக்கை அணைத்தபின், இதற்குப் போய் அழுகிறாயே என்று என்னை நானே அதட்டினேன். துக்கத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது. வெளியே சொல்ல வழியில்லாமல் போயிற்று.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் இருக்கிறார், மகளைப் பறிகொடுத்தவர். இரவு கதவைத் தாழிடும்போது 'பூட்டிவிட்டேன்' என்று இன்னமும் உரக்கச் சொல்கிறேன் என ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் துக்கத்துக்கு முன் இது என்ன! அவரோ, "அதற்கு அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்?" என்று கேட்டார். அன்று ஒரு மணி நேரம் என் மனைவியைப் பற்றிப் பேசினேன். பிறகு அவர் தன் மகளைப் பற்றிப் பேசினார். யாருடையது பெரிது என்ற நினைப்பே எழவில்லை.

இறந்த குழந்தையைப் பிழைக்க வைக்க, அதை ஏந்திக்கொண்டு, புத்தர் சொன்னபடி சாவு விழாத வீட்டில் கடுகு வாங்கி வரப் போன கிசாகோதமியின் கதை உனக்குத் தெரியும். எல்லார் வீட்டிலும்தான் சாவு, நீ ஏன் அழுகிறாய் என்று நம்மை அடக்குவதற்கே அதைச் சொல்வார்கள். எனக்கு இப்போது வேறாகத் தோன்றுகிறது. பித்துப் பிடித்தவள் என்று விலகிப் போனவர்களே, அவள் கேட்டதும் வாசலில் நின்று தங்கள் வீட்டுச் சாவைச் சொல்லியிருக்கிறார்கள். அவளைத் தேற்றியது அந்தப் பேச்சாகத்தான் இருக்கும்.

உன் நான்காம் பக்கத்தில் மகனைப் பற்றி ஒரு வரி தொடங்கி அடித்துவிட்டிருக்கிறாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் படிக்க முடியவில்லை. அதை எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய தோழன்